எடையைக் கேட்டால் பொய் சொல்லாதீங்க: பனிச்சறுக்கில் காலைக் காக்கும் சின்ன எண்ணின் கதை

ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் எந்தப் பனிச்சறுக்கு வாடகைக் கடைக்குப் போனாலும் கவுன்டரில் அதே கேள்விகள்தான். எடை என்ன? உயரம் என்ன? வயசு என்ன? எவ்வளவு வேகமா சறுக்குவீங்க?

பின்னால் வரிசையில் நண்பர்களும் ஆபீஸ் ஆட்களும் நிற்கும்போது இந்தக் கேள்விகள் யாருக்கும் பிடிப்பதில்லை. சிலர் எடையில் ஐந்து கிலோவைக் குறைத்துச் சொல்வார்கள். சிலர் இரண்டாவது முறைதான் வந்திருப்பார்கள். ஆனாலும் ‘எனக்கு நல்லா வரும்’ என்று கெத்து காட்டுவார்கள்.

கடைக்காரர் அந்தப் பதில்களை ஓர் அட்டவணையில் வைத்துப் பார்ப்பார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பலகையின் மேல் இருக்கும் ஸ்பிரிங்கை இரண்டு திருகு திருகுவார். சின்ன ஜன்னலுக்குள் ஓர் எண் நகரும். 4, 5, 6.5... அவ்வளவுதான், வேலை முடிந்தது.

மலையில் விழும்போது பூட்ஸ் பலகையிலிருந்து கழன்றுகொள்ளுமா, இல்லை பலகையோடு சேர்ந்து காலும் முறுக்கிக்கொள்ளுமா என்பது பெரும்பாலும் அந்த எண்ணில்தான் இருக்கிறது. இந்த எண் கடந்த 50 ஆண்டுகளில் ஏராளமான கால் எலும்புகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால், முழங்காலை மட்டும் இன்னும் அதனால் முழுசாகக் காப்பாற்ற முடியவில்லை. ஏன்?

முதலில், பைண்டிங் என்றால் என்ன?

பனிச்சறுக்குக் கருவியில் மூன்று பாகங்கள் முக்கியம். பனியில் வழுக்கிச் செல்லும் நீளமான பலகை, அதாவது ஸ்கீ. காலை இறுக்கிப் பிடிக்கும் கெட்டியான பிளாஸ்டிக் பூட்ஸ். இரண்டையும் இணைக்கும் பூட்டு. அந்தப் பூட்டுக்குப் பெயர்தான் ‘பைண்டிங்’.

பைண்டிங்குக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள். சறுக்கும்போது பூட்ஸை விடாமல் பிடித்திருக்க வேண்டும். ஆபத்து வந்தால் அதே நொடியில் விட்டுவிட வேண்டும். சீக்கிரம் விட்டுவிட்டால், நல்ல வேகத்தில் போகும்போது பலகை தானாகக் கழன்று, தலையும் தோளும் பனியில் மோதும். தாமதமாக விட்டால், ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு மேலான ஒரு நெம்புகோலைக் காலில் கட்டிக்கொண்டு உருள்வதுபோல ஆகிவிடும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சரியான புள்ளி ஆளுக்கு ஆள் மாறும். கவுன்டரில் கேட்கும் கேள்விகள் எல்லாம் அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்கத்தான்.

மருத்துவமனைக் கட்டிலில் வந்த யோசனை

ஒரு காலத்தில் கழலும் பைண்டிங்கே கிடையாது. 1930களில் பூட்ஸை உலோகத் தாடையும் கம்பியும் போட்டுப் பலகையோடு இறுக்கிக் கட்டுவார்கள். விழுந்தால் பலகை கழலாது, எலும்புதான் உடையும். பனிச்சறுக்கு ஊர்களில் கட்டுப் போட்ட காலோடு நடப்பவர்களைப் பார்ப்பது சாதாரண விஷயம்.

ஹ்யால்மர் ஹ்வாம் நார்வேயில் பிறந்தவர். அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் குடியேறி, அந்தப் பகுதியின் முன்னணிப் பனிச்சறுக்கு வீரராக இருந்தார். 1937இல் மவுண்ட் ஹூட் மலையில் அவருக்கே கால் உடைந்தது. அறுவை சிகிச்சை மயக்கம் தெளிந்ததும் பேப்பரும் பென்சிலும் கேட்டு வாங்கி, காலை விட்டுவிடக்கூடிய பைண்டிங் ஒன்றை வரைந்தார் என்று பனிச்சறுக்கு வரலாறு சொல்கிறது. 1939இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். விழும்போது முன்பக்கம் கழன்றுகொள்ளும் பைண்டிங்குகளில் பரவலாகப் பேசப்பட்ட முதல் வடிவம் அதுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் குபெர்லி, ஜெர்மனியில் ஹானஸ் மார்க்கர், பிரான்ஸில் ஜான் பேய்ல் எனப் பலரும் ஆளுக்கொரு வடிவம் கொண்டுவந்தார்கள். மார்க்கர், லுக் ஆகிய பெயர்களில் இன்றும் பைண்டிங்குகள் விற்பனையாகின்றன. ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு நிறுவனத்தின் எண்ணும் ஒவ்வொரு அர்த்தம் தந்தது. ஒரு பைண்டிங்கில் 5 என்றால் இன்னொன்றில் அது 3 ஆக இருக்கலாம். பூட்ஸின் அடிப்பாகமும் ஒரே அளவில் இல்லை.

அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்?

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது ஜெர்மனியின் தரநிர்ணய அமைப்பான ‘டின்’. அதனால்தான் இன்றைக்கும் கடைகளில் ‘உங்க டின் என்ன?’ என்று கேட்கிறார்கள். பின்னர் அது ஐஎஸ்ஓ எனப்படும் சர்வதேசத் தரமாக மாறியது. பைண்டிங்குக்கு ஒரு தரம், பூட்ஸ் அடிப்பாகத்துக்கு ஒரு தரம், எண்ணைத் தேர்வு செய்யும் அட்டவணைக்கு ஒரு தரம், கடையில் பொருத்திச் சரிபார்க்கும் முறைக்கு ஒரு தரம் எனத் தனித்தனி ஆவணங்கள் இருக்கின்றன.

எண்ணின் கணக்கு எளிமையானது. 6 என்றால், காலைப் பக்கவாட்டில் முறுக்கும் விசை சுமார் 60 நியூட்டன் மீட்டரை எட்டும்போது முன்பக்கப் பூட்டு திறக்க வேண்டும். 8 என்றால் சுமார் 80. பின்பக்கப் பூட்டு தனி. உடல் முன்னால் கவிழும்போது அது மேல்நோக்கித் திறக்கும்.

அட்டவணைக்கு ஐந்து தகவல்கள் தேவை:

- எடையும் உயரமும்: எலும்பு எவ்வளவு முறுக்கைத் தாங்கும் என்பதற்கான தோராய மதிப்பீடு.
- வயது: சிறு குழந்தைகளுக்கும் 50 வயதைத் தொட்டவர்களுக்கும் எண் ஒரு படி குறையும்.
- பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம்: நெம்புகோல் நீளமானால் விசைக் கணக்கு மாறும்.
- சறுக்கும் பாணி: நிதானமா, நடுத்தரமா, ஆவேசமா என மூன்று வகை. இதைச் சறுக்குபவர்தான் சொல்ல வேண்டும். கடைக்காரர் அவராக முடிவு செய்யக் கூடாது.

குழந்தைகளின் பைண்டிங்குகளில் எண் 1க்கும் கீழே தொடங்கும். பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு 4 முதல் 8க்குள் அடங்கிவிடும். உலகக் கோப்பை வீரர்கள் 15ஐத் தாண்டியும் வைப்பார்கள். மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் பாயும்போது பலகை தானாகக் கழன்றால், வலையில் போய் மோத வேண்டியதுதான். அதற்குப் பயந்து காலைப் பணயம் வைக்கிறார்கள்.

இப்போது கவுன்டருக்கு வருவோம். எடையைக் குறைத்துச் சொன்னால் எண் குறையும்; எதிர்பாராத நேரத்தில் பலகை கழலும். திறமையைக் கூட்டிச் சொன்னால் எண் ஏறும். தேவையான நேரத்தில் கழலாது. இரண்டுமே வம்புதான்.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

சந்தைக்கு வரும் முன் பைண்டிங்கை ஆய்வகத்தில் வதைக்கிறார்கள். செயற்கைக் காலை பூட்ஸுக்குள் மாட்டி, பல திசைகளில் முறுக்கி, எந்த விசையில் கழல்கிறது என்று அளக்கிறார்கள். பிறகு அதையே உறைய வைத்து மீண்டும் அளக்கிறார்கள். பனி ஒட்டிய நிலையிலும், பலகை வளைந்த நிலையிலும் எண் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஜெர்மனியின் ‘டுஃப் சூட்’ போன்ற சோதனை அமைப்புகள் இதற்குச் சான்று தருகின்றன.

கடையிலும் சோதனை உண்டு. நல்ல கடைகளில் பைண்டிங்கைத் திருகிவிட்டு அப்படியே கொடுப்பதில்லை. முறுக்கு விசையை அளக்கும் கருவியில் பூட்ஸோடு சேர்த்து மாட்டி, ஜன்னலில் தெரியும் எண்ணும் உண்மையான விசையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பூட்ஸின் அடிப்பாகம் தேய்ந்திருக்கலாம், இடையில் மண் சேர்ந்திருக்கலாம். எண் 6 என்று காட்டினாலும் உள்ளே 8 ஆக இருக்க வாய்ப்புண்டு.

பலகைக்கும் இதேபோலத்தான். எவ்வளவு வளைகிறது, எவ்வளவு முறுகுகிறது, அதிர்வு எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று இயந்திரம் அளக்கும். உள்ளே மரம், கண்ணாடி இழை, ‘டைட்டனல்’ தகடு, ஓரத்தில் எஃகு விளிம்பு. பெயரைக் கேட்டால் டைட்டானியம் என்று தோன்றும். ஆனால் டைட்டனல் என்பது ஆஸ்திரியாவில் தயாராகும் ஓர் அலுமினியக் கலவைதான்.

ஆய்வகம் முடிந்ததும் பனிப்பாறைகளில் மனிதச் சோதனை. கோடையிலும் பனி கிடைக்கும் ஆஸ்திரிய மலைகளுக்கும், நம்ம ஊர் ஜூன், ஜூலையில் குளிர்காலம் நடக்கும் நியூசிலாந்து, சிலி மலைகளுக்கும் நிறுவனங்கள் போவது இதற்காகத்தான்.

எலும்பு தப்பித்தது, முழங்கால் மாட்டியது

இதெல்லாம் பலன் தந்ததா? தந்தது. அதற்கான ஆதாரம் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கிறது.

அங்குள்ள ஷுகர்புஷ் பனிச்சறுக்கு மையத்தில் 1972இல் ஓர் ஆய்வு தொடங்கியது. எலும்பியல் மருத்துவர் ராபர்ட் ஜான்சன், பொறியாளர் கார்ல் எட்லிங்கர், ஆய்வாளர் ஜாஸ்பர் ஷீலி ஆகிய மூவரும் அங்கு காயமடைந்தவர்களின் கருவிகளையும் சேர்த்தே சோதித்து, பல பத்தாண்டுகள் கணக்கு வைத்தார்கள். காயத்தை மட்டும் பார்க்காமல், காயப்படுத்திய பைண்டிங்கையும் கையில் எடுத்து அளந்ததுதான் இந்த ஆய்வின் சிறப்பு.

முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைவது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. மொத்தக் காயங்கள் சுமார் பாதியாகின. இன்றைக்குப் பொதுவாக, ஒருவர் ஒரு நாள் சறுக்குவதை ஒரு ‘நாள்’ என்று எண்ணினால், ஆயிரம் நாள்களுக்கு 2 முதல் 3 காயங்கள்தான்.

ஆனால் அதே தரவில் இன்னொரு கோடு மேலே ஏறியது. ஏசிஎல் எனப்படும் முழங்காலின் உள்தசைநார் கிழிவது 1970களுக்கும் 1990களின் தொடக்கத்துக்கும் இடையில் இரண்டு மடங்கைத் தாண்டியது. அதன் பிறகு ஓரளவு இறங்கியது. ஆனாலும் பனிச்சறுக்கில் அதிகம் அடிபடும் உறுப்பு இன்றும் முழங்கால்தான்.

காரணங்களில் ஒன்று பூட்ஸ். 1960களில் பாப் லாங்கே பிளாஸ்டிக் பூட்ஸைக் கொண்டுவரும் முன் எல்லாரும் தோல் பூட்ஸ்தான் போட்டார்கள். அது தளர்வானது, விழுந்தால் கணுக்கால் உடையும். பிளாஸ்டிக் பூட்ஸ் கணுக்காலைக் கவசம்போலப் பொத்திக்கொண்டது. முறிவு பூட்ஸின் மேல்விளிம்புக்கு ஏறியது. பைண்டிங் மேம்பட்டதும் அதுவும் குறைந்தது. கடைசியில் சுமை போய்ச் சேர்ந்த இடம் முழங்கால். கணுக்கால், கால் எலும்பு, முழங்கால் என ஆபத்து ஒவ்வொரு மாடியாக ஏறியிருக்கிறது.

பைண்டிங் ஏன் ஏசிஎல்லைக் காப்பதில்லை?

அட்டவணையின் அடிப்படையே எலும்புதான். எலும்பு எவ்வளவு முறுக்கைத் தாங்கும் என்பதை வைத்துத்தான் எண் வகுக்கப்பட்டது. ஆனால் தசைநார் கிழிவது முறுக்கு விசையின் அளவை மட்டும் பொறுத்ததல்ல. முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, தொடைத் தசை எந்த நிலையில் இருக்கிறது என்பதும் சேர்ந்த கணக்கு அது.

எட்லிங்கர் குழு இதில் ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டுபிடித்து, ‘மாயப் பாதம்’ என்று பொருள்படும் பெயர் வைத்தது. சறுக்குபவர் பின்பக்கம் சாய்கிறார். இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விடுகிறது. உடலின் எடை முழுக்க ஒரு பலகையின் வால்பகுதியில், அதுவும் உள்விளிம்பில் விழுகிறது. அப்போது அந்த வால், குதிகாலிலிருந்து பின்னோக்கி நீளும் இன்னொரு பாதம்போல வேலை செய்து முழங்காலைத் திருகிவிடும்.

விசை வருவது குதிகாலுக்குப் பின்னாலிருந்து. வழக்கமான பைண்டிங்கோ பக்கவாட்டில் திறப்பது முன்பக்கத்தில் மட்டும். குதிகால் பகுதி மேலே திறக்கும், பக்கவாட்டில் திறக்காது. அதனால் முழங்காலுக்கு வரும் ஆபத்தை முன்பக்க ஸ்பிரிங் சரியாக உணர்வதே இல்லை. பைண்டிங் கெட்டுப்போகவில்லை; அதற்குக் கொடுத்த வேலையில் இது இல்லை.

பெண்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பொழுதுபோக்குக்குச் சறுக்கும் பெண்களுக்கு ஏசிஎல் கிழியும் வாய்ப்பு ஆண்களைவிட 2 முதல் 3 மடங்கு என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடிபட்டவர்களிடம் விசாரித்தபோது, விழுந்த நேரத்தில் பைண்டிங் கழலவே இல்லை என்று சொன்னவர்கள் ஆண்களைவிடப் பெண்களில் அதிகமாக இருந்தார்கள்.

ஆனால் கருவியில் எதையும் மாற்றாமலே ஒரு தீர்வு பலன் தந்தது. எட்லிங்கர் குழு அமெரிக்காவின் 20 பனிச்சறுக்கு மையங்களில் ரோந்துப் பணியாளர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் இந்த வீழ்ச்சிகளின் வீடியோக்களைக் காட்டி, எப்படி விழ வேண்டும் என்று பயிற்சி கொடுத்தது. 1995இல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெற்றவர்களிடையே கடுமையான முழங்கால் காயங்கள் 62 சதவீதம் குறைந்தன.

பலகையின் இடுப்பு சிறுத்த கதை

பைண்டிங் இப்படி என்றால், பலகையின் வளர்ச்சி வேறு திசையில் போனது. அதன் இலக்கு, யார் வேண்டுமானாலும் சுலபமாகத் திரும்ப வேண்டும் என்பதுதான்.

விமானப் பொறியாளர் ஹோவர்ட் ஹெட் 1940களின் பிற்பாதியில் முதல் முறை சறுக்கப் போய், மரப் பலகையோடு மல்லுக்கட்டி வெறுத்துப்போனார். விமானத்தில் உலோகத் தகடுகளை ஒட்டும் அதே முறையில் பலகை செய்தால் என்ன என்று யோசித்தார். அடுத்தடுத்து மாதிரிகள் உடைந்தன. 1950இல் சந்தைக்கு வந்த அவருடைய உலோகப் பலகை அவ்வளவு சுலபமாகத் திரும்பியதால், அதற்கு ‘ஏமாற்றுப் பலகை’ என்றே பட்டப்பெயர் விழுந்தது. பிற்பாடு டென்னிஸில் பெரிய தலை ராக்கெட்டைக் கொண்டுவந்தவரும் இவரேதான்.

அடுத்த பெரிய திருப்பம் ஸ்லோவேனியாவில். எலான் நிறுவனப் பொறியாளர் யூரி ஃப்ராங்கோவும் சகாக்களும் பலகையின் முனையையும் வாலையும் அகலமாக்கி, நடு இடுப்பை நன்றாகக் குறுக்கினார்கள். பலகையின் பக்கவாட்டு வளைவை நீட்டி முழு வட்டமாக வரைந்தால் அதன் ஆரம், பழைய பலகைகளில் 35, 40 மீட்டர் எனப் போகும். இவர்களின் வடிவத்தில் அது சுமார் 15 மீட்டர். ‘எஸ்சிஎக்ஸ்’ என்ற பெயரில் 1993இல் அது வெளிவந்தது.

இதன் சூத்திரம் எளிது. பலகையைச் சாய்த்தால் அந்த வளைவு பனியில் பதிந்து, பலகையே வில்லாக வளைந்து, தானாகத் திரும்பும். எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு இறுக்கமான திருப்பம். 60 டிகிரி சாய்த்தால் 15 மீட்டர் ஆரம் கிட்டத்தட்ட ஏழரை மீட்டராகிவிடும்.

1990களின் முடிவுக்குள் பெரும்பாலான நிறுவனங்கள் இந்த வடிவத்துக்கு மாறிவிட்டன. இரண்டு மீட்டரைத் தாண்டிய பலகைகள் போய், சறுக்குபவரின் மூக்கு உயரத்துக்குள் அடங்கும் பலகைகள் வந்தன. பல வாரங்கள் பழக வேண்டியதைச் சில நாள்களில் பழக முடிந்தது. கூடவே, புதிதாக வருபவர்களும் சீக்கிரமே வேகத்தைத் தொட்டுவிட்டார்கள்.

விதியை மாற்றினால் காயம் குறையுமா?

போட்டிக் களத்தில் இந்த வடிவமே விவாதப் பொருளானது. உலகக் கோப்பை வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஒவ்வொரு சீசனிலும் காயமடைவதாக, சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பான எஃப்ஐஎஸ்ஸின் காயக் கண்காணிப்புத் திட்டம் காட்டியது. நார்வே ஆய்வாளர்கள் ஏசிஎல் கிழிந்த 20 சம்பவங்களின் வீடியோவை நொடி நொடியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அதில் சரிபாதி ஒரே மாதிரி. வெளிப்பக்கப் பலகை வழுக்குகிறது, திடீரென்று உள்விளிம்பு பனியைக் கவ்வுகிறது, முழங்கால் உள்நோக்கி மடிகிறது. வீரர் கீழே விழும் முன்பே தசைநார் கிழிந்துவிடுகிறது.

பலகை பனியைக் கவ்வும் வேகத்தைக் குறைக்கலாம் என்று எஃப்ஐஎஸ் முடிவெடுத்தது. 2012-13 சீசனில் ஜயன்ட் ஸ்லாலம் பிரிவில் ஆண்களின் பலகைக்குக் குறைந்தபட்ச ஆரம் 27இலிருந்து 35 மீட்டராகவும், பெண்களுக்கு 23இலிருந்து 30 மீட்டராகவும் உயர்ந்தது. பழைய காலத்துக்குத் திரும்பு என்று சொன்னதுபோலத்தான்.

அமெரிக்க வீரர் டெட் லிகெட்டி இதை வெளிப்படையாகக் கடுமையாக எதிர்த்தார். ஆனால் புதிய விதியின் முதல் பந்தயத்தில், ஆஸ்திரியாவின் சோல்டனில், 2.75 நொடி வித்தியாசத்தில் வென்றவரும் அவரேதான். நொடியில் நூறில் ஒரு பங்குக்கு மல்லுக்கட்டும் விளையாட்டில் அது மலைக்க வைக்கும் இடைவெளி.

நீளமான ஆரத்தைத் திருப்ப உடல் அதிகம் உழைக்க வேண்டியிருந்தது. முதுகு வலி பற்றிய புகார்கள் வந்தன. 2017-18 முதல் ஆண்களுக்கான ஆரம் 30 மீட்டராகக் குறைக்கப்பட்டது. ஓரிடத்தில் அழுத்தினால் இன்னோர் இடத்தில் புடைக்கும் என்பதை எஃப்ஐஎஸ்ஸும் பார்த்துவிட்டது.

புதுசா என்ன வருது?

குதிகால் பகுதியும் பக்கவாட்டில் திறக்கும் பைண்டிங்குகள் வந்துவிட்டன. வெர்மான்டில் உருவான ‘நீபைண்டிங்’ 2000களின் பிற்பாதியிலேயே வந்தது. பெரிய நிறுவனங்களில் டைரோலியா, ‘ப்ரொடெக்டர்’ என்ற பெயரில் 2020களின் தொடக்கத்தில் இதே திசையில் இறங்கியது. மாயப் பாதம் வகை வீழ்ச்சியைக் குறிவைத்தவை இவை. மற்ற வகை வீழ்ச்சிகளில் முழங்காலுக்கு இவை உத்தரவாதம் தருவதில்லை.

போட்டிகளில் டவுன்ஹில், சூப்பர்-ஜி ஆகிய வேகப் பிரிவுகளில் 2024-25 சீசனிலிருந்து ஏர்பேக் கட்டாயமானது. உடையின் உள்ளே இருக்கும் அது, விழுவதைச் சென்சார் உணர்ந்ததும் உப்பி முதுகையும் மார்பையும் காக்கும். முழங்காலுக்கு அப்படி ஒன்று இல்லை.

விலை என்ன என்பதற்கு லிண்ட்சே வான் ஓர் உதாரணம். 2013இல் ஸ்லாட்மிங் உலகச் சாம்பியன்ஷிப்பில் விழுந்து வலது முழங்காலில் தசைநார்கள் கிழிந்து, எலும்பும் உடைந்தது. பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு 2019இல் ஓய்வு பெற்றார். 2024இல் அதே முழங்காலில் பகுதி மாற்று சிகிச்சை செய்துகொண்டு களத்துக்குத் திரும்பி, 2025 மார்ச்சில், 40 வயதில், உலகக் கோப்பைப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தார். அந்த மனஉறுதி எல்லாருக்கும் வாய்க்காது. அந்த மருத்துவ வசதியும்தான்.

சந்தை மாறினால் முழங்காலுக்கு என்ன?

இங்கேதான் வியாபாரம் உள்ளே வருகிறது. உலகம் முழுக்க ஓர் ஆண்டில் விற்கும் பலகைகளின் எண்ணிக்கை, 1980களின் உச்சத்தோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஆனால் சறுக்குபவர்கள் காணாமல் போய்விடவில்லை. அமெரிக்க மையங்கள் 2022-23 சீசனில் 6.5 கோடிக்கும் மேற்பட்ட வருகைகளோடு சாதனை படைத்தன. மக்கள் வருகிறார்கள், பலகையைச் சொந்தமாக வாங்குவதில்லை. விமானத்தில் தூக்கிக்கொண்டு போவது செலவு, வைக்க வீட்டில் இடம் வேண்டும், ஆண்டுக்கு ஒரு வாரம்தான் பயன்படும். வாடகைக்கு எடுப்பதே லாபம்.

தயாரிப்பாளர்களும் சுருங்கி, சில பெரிய குழுமங்களுக்குள் போய்விட்டார்கள். சாலமன், அட்டாமிக், அர்மாடா ஆகிய மூன்றும் அமேர் ஸ்போர்ட்ஸ் குழுமத்தில். அந்தக் குழுமத்தை 2019இல் சீனாவின் ஆன்டா தலைமையிலான முதலீட்டாளர்கள் வாங்கினார்கள். 2024இல் அது நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. ரோசினோல், டைனாஸ்டார், லாங்கே, லுக் ஆகியவை ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

பனியும் குறைகிறது. 2022 டிசம்பர், 2023 ஜனவரியில் ஆல்ப்ஸின் தாழ்வான சரிவுகள் பல பச்சையும் பழுப்புமாகக் கிடந்தன. ஐரோப்பாவின் 2,234 பனிச்சறுக்கு மையங்களை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு, புவி வெப்பம் 2 டிகிரி உயர்ந்தால், செயற்கைப் பனி இல்லாத நிலையில் அவற்றில் 53 சதவீதம் மிகக் கடுமையான பனித் தட்டுப்பாட்டைச் சந்திக்கும் என்று சொன்னது. சீசன் எப்படி இருக்கும் என்றே தெரியாதபோது, சொந்தமாகப் பலகை வாங்க இன்னும் தயக்கம் வரும்.

விளைவு என்ன? தன் பலகை, தன் எண் என்று தெரிந்து வைத்திருந்தவர்கள் குறைகிறார்கள். வாடகைக் கடை ஒரே பலகையை ஒரு சீசனில் பலருக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. ஒவ்வொரு முறையும் எண்ணைத் திருக வேண்டும். புது வகைப் பைண்டிங்குகள் பெருவாரியான மக்களைச் சென்று சேர்வதும் அந்தக் கடைகள் எதை மொத்தமாக வாங்குகின்றன என்பதைப் பொறுத்ததுதான். காலை 9 மணி நெரிசலில் கவுன்டரில் நிற்கும் ஊழியரும், அவரிடம் நீங்கள் சொல்லும் பதிலும் முன்பைவிட முக்கியமாகிவிட்டார்கள்.

வாடகைக்கு எடுக்கப் போறீங்களா? இதைக் கவனிங்க

சுவிட்சர்லாந்து டூரோ, குல்மார்க், அவுலி பயணமோ, எங்கே என்றாலும் இவை பொருந்தும்:

- எடை, உயரம், வயதை உள்ளபடி சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் பேப்பரில் எழுதிக் கொடுங்கள்.
- முதல் முறை என்றால் ‘நிதானம்’ வகையைத் தேர்ந்தெடுங்கள். இதில் கெத்து காட்ட ஒன்றுமில்லை.
- பைண்டிங் ஜன்னலில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். இரண்டு பலகைகளிலும், முன்னும் பின்னும் பொதுவாக ஒரே எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.
- பூட்ஸை மாற்றினால் பைண்டிங்கையும் மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். அடிப்பாகத்தின் நீளம் மாறியிருக்கும்.
- மாட்டும் முன் பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியையும் மண்ணையும் தட்டிவிடுங்கள். அது எண்ணின் கணக்கையே மாற்றிவிடும்.
- நண்பருடைய பலகையை ‘ஒரு ரவுண்டு’ இரவல் வாங்காதீர்கள். அந்த எண் அவருடைய காலுக்கானது.
- பின்பக்கம் சாய்வதுபோல் இருந்தால் கைகளை முன்னால் நீட்டி, இரண்டு பாதங்களையும் சேர்த்து வையுங்கள். விழுந்தே தீரும் என்றால் முழங்காலை நேராக விறைக்காமல் மடக்கியே வைத்திருங்கள். கையை ஊன்றித் தடுக்கப் பார்க்காதீர்கள்.
- சறுக்கிக்கொண்டே எழ முயலாதீர்கள். முழுசாக நின்ற பிறகு எழுந்தால் போதும்.

கடைசி இரண்டும் வெர்மான்ட் ஆய்வாளர்கள் கற்றுக்கொடுத்த பாடங்கள். எந்தப் பைண்டிங்கை மாட்டியிருந்தாலும் இவற்றுக்குத் தனிக் கட்டணம் கிடையாது.